மலை இல்லாத படம்

"திருட வந்தவன் செருப்பை வாசல்ல கழட்டிட்டு, ஸ்டூல் மேல பேப்பரை விரிச்சு ஏறியிருக்கான் அண்ணாச்சி. இம்புட்டு மரியாதை தெரிஞ்ச திருடனை நான் பாத்ததே இல்ல. பிடிச்சா நம்ம ஆபீசுக்கே வேலைக்கு எடுத்துக்கிருவோமா?"

பவானி இப்படிக் கேட்டது வைகுண்டராஜிடம். அவர் அந்த ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தார். தேனி பஜாரில் கண்ணாடிக் கடைக்கு மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டு ஒன்பது வருஷம். எந்த வழக்குக்குப் போனாலும் அங்கே இருப்பவர்களுடைய நாற்காலி, ஸ்டூல், பெஞ்சு எல்லாவற்றிலும் ஒரு தரம் உட்கார்ந்து பார்ப்பார். அப்புறம்தான் ஆளையே பார்ப்பார். அவரிடம் மூன்று வருஷமாக உதவியாளராகக் குப்பை கொட்டும் பவானிக்கு இது பழகிவிட்டது. உட்கார விடாதவர்கள் வீட்டு வழக்கில்தான் கொஞ்சம் கஷ்டம்.

நேற்றுத்தான் சுண்ணாம்பு அடித்த டிக்கெட் அறை. தரையெல்லாம் வெள்ளைத் தூள். அதில் வெறுங்கால் தடம் வாசலிலிருந்து ஸ்டூல் வரை வந்து, ஸ்டூல் மேல் விரித்த பேப்பரில் பத்து விரலும் பதித்து, திரும்பிப் போயிருந்தது. சுவரில் ஆணி மட்டும் மிச்சம். ஆணியில் இருந்த படத்தைக் காணவில்லை.

"சாயந்தரம் ஆறு மணிக்குப் பூட்டும்போது இருந்துச்சு அண்ணாச்சி. காலையில வந்து பாத்தா இல்ல" என்றாள் ஜெபஷீலா. நாற்பதைத் தொடுகிற வயது. அழுது முடித்துவிட்டு, அடுத்து அழலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் முகம். "நாலு மணிக்கு அந்த ஆபீசரம்மா வாராக. படத்தைக் காட்டலேன்னா நாளைக்குக் காலையில ஜே.சி.பி. வந்துரும்."

வைகுண்டராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று பத்து.

சின்னமனூர் தாண்டி, சீலக்குளம் கண்மாய்க்குள் நிற்கிறது அந்தக் 'கப்பல் பாலம்'. கப்பல் அங்கே வந்ததும் இல்லை, அது பாலமும் இல்லை. பாலம் என்றால் அக்கரைக்குப் போக வேண்டாமா? இது கரையிலிருந்து தண்ணீருக்குள் நூற்றைம்பது அடி போய், அலுத்துப்போய் நின்றுவிடும். நுனியில் கும்மட்டம் வைத்த கண்ணாடி அறை. ஒரு கண்ணாடியில் குண்டாகவும் இன்னொன்றில் கொக்குப் போலவும் தெரியலாம். பக்கத்தில் எடை பார்க்கிற மிஷின், டீக்கடை, மிதித்து ஓட்டுகிற அன்னப்படகு நாலு. கடலைப் பார்க்காமலே கடற்கரைக்குப் போய்வந்த திருப்தியோடு கம்பம் பள்ளத்தாக்கு சனம் ஞாயிற்றுக்கிழமைகளில் திரும்பிப் போகும்.

ஜெபஷீலாவின் அப்பா கிறிஸ்டோபர் கட்டியது. அவர் போய் ஆறு வருஷமாகிறது. இப்போது கண்மாய்க்குள் இருக்கிற ஆக்கிரமிப்பையெல்லாம் எடுக்கச் சொல்லி உத்தரவு. 1986-க்கு முன்னால் கட்டியதாக இருந்தால் விட்டுவிடுவார்கள்.

"ஊர்ல கேட்டு எழுதி வாங்கலாமே அக்கா?" என்றாள் பவானி.

"கேட்டேனே! ஒருத்தர் பெருமழை பெஞ்ச வருசம்கிறாக. ஒருத்தர் மச்சினிச்சி சடங்கு வச்ச வருசம்கிறாக. மச்சினிச்சிகிட்ட கேட்டா, வயசைச் சொல்ல மாட்டேன்னு சண்டைக்கு வாராக. அந்தப் படம் ஒண்ணுதான் சாட்சி. அப்பாவும் அம்மாவும் பாலத்துல நிக்கிறது. பின்னால ஸ்டுடியோ முத்திரையோட '1984 ஆடி 18'ன்னு இருக்கும்."

"படத்துக்கு நகல் இருக்கா?" வைகுண்டராஜ் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"டிக்கெட்டு பின்னாலயே அச்சடிச்சிருக்கோம். ஆனா ஒரிஜினல்தான் வேணும்னு சொல்லிப்பிட்டாக."

வாசலில் நின்றிருந்த சுருளியாண்டி ஒரு டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார். எழுபது வயசு. சலவை மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பாலம் வந்த நாளிலிருந்து டிக்கெட் கொடுக்கிறவர்.

"இது கிங்ஸ்லி வேலைதான்" என்றார் அவர், அக்கரையைக் கைகாட்டி. "அங்கன ஸ்பீடு போட் விட்டிருக்கான்ல. இந்தப் பாலம் போயிருச்சுன்னா அத்தனை கூட்டமும் அவனுக்குத்தானே."

வைகுண்டராஜ் டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். ஸ்டூலைக் குனிந்து ஒரு தரம் பார்த்தார். "அப்ப அக்கரைக்குப் போவோம்."

"ரோட்டுல சுத்திப் போனா ஏழு கிலோமீட்டர்" என்றாள் ஜெபஷீலா.

"படகு இருக்கே" என்றார் வைகுண்டராஜ்.

பவானி தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

*

அன்னப்படகில் இரண்டு பேருக்கும் மிதிகட்டை உண்டு. வைகுண்டராஜ் காலைத் தூக்கி அன்னத்தின் கழுத்தில் வைத்துக்கொண்டார்.

"சிந்திக்கும்போது நான் மிதிக்கிறது இல்ல ஆத்தா."

"நீங்க சிந்திக்காதப்பவும் மிதிச்சு நான் பாத்ததில்ல அண்ணாச்சி."

கிங்ஸ்லி படகுத்துறையிலேயே நின்று வரவேற்றான். ஐம்பது வயசு, கறுப்புக் கண்ணாடி, முழங்காலுக்கு மேல் டவுசர். எட்டு வருஷம் சார்ஜாவில் இருந்துவிட்டு வந்து, அந்தக் காசில் கரையோரம் கட்டிய ரிசார்ட். வைகுண்டராஜ் போன வேகத்தில் அவனுடைய சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"என்னமோ நான் திருடிட்டேன்னு வந்திருக்கீக போல" என்று சிரித்தான் கிங்ஸ்லி. "அண்ணாச்சி, நல்லாக் கேட்டுக்கோங்க. அந்தப் படம் காணாமப் போனதுல இந்தக் கண்மாயிலயே அதிகமா வருத்தப்படுற ஆளு நான்தான்."

"அப்பிடியா?"

"பின்ன? அந்தப் படம் பொய்யி. ஆபீசரம்மா கையில அதைக் கொடுத்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்னு இருந்தேன். அதோட பாலமும் போச்சு, பொய்ச் சாட்சி கொடுத்ததுக்கு ஜெபஷீலா மேல கேசும் ஆச்சு. இப்பப் படமே இல்லேன்னா நான் என்னத்தைக் கேட்க?"

"அது என்ன கேள்வி?" என்றாள் பவானி.

"நாலு மணிக்கு வா தாயி, ஓசியிலயே கேட்டுக்க." கிங்ஸ்லி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "நாப்பது வருசமா நீங்க அத்தனை பேரும் பாத்துக்கிட்டிருக்கீக. ஒருத்தருக்கும் தெரியல. வெளியூர்ல கெடந்துட்டு வந்தவனுக்குத்தான் அது கண்ணுல படும். உள்ளூர்க்காரன் செத்தாலும் கண்டுபிடிக்க மாட்டான்."

பவானிக்குச் சுருக்கென்றது. அவள் பிறந்தது கடமலைக்குண்டு. பெரியகுளத்தைத் தாண்டிப் போனது ரெண்டே தடவை. உள்ளூர்க்காரி என்று அவளைத்தான் திட்டியது போல இருந்தது.

வைகுண்டராஜ் மட்டும் யாரோ பரிசு கொடுத்ததுபோல எழுந்தார். "ரொம்ப நன்றி கிங்ஸ்லி. நல்ல நாற்காலி."

நடுக்கண்மாயில் வந்ததும், "நிறுத்து" என்றார். சட்டைப்பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து அதன் முதுகைப் பார்த்தார். பாலத்தின் கைப்பிடியைப் பிடித்தபடி கோட்டுப் போட்ட கிறிஸ்டோபர். பக்கத்தில் பட்டுச்சேலையில் அவர் சம்சாரம். பின்னால் நீளமாகப் பாலம், அதன் நுனியில் கும்மட்டம், அதற்கப்பால் தண்ணீர், தண்ணீருக்கு மேல் வானம்.

"பவானி, உன் போன்ல என்னை இதே மாதிரி ஒரு படம் எடு."

"எதுக்கு?"

"எடு சொல்றேன். ஆனா ஒண்ணு, எனக்குப் பின்னால மலை விழுகக் கூடாது."

இதென்ன பிரமாதம் என்று பவானி போனைத் தூக்கினாள். அவருக்குப் பின்னால் மேற்கே போடி மலை முழுசாக வந்து நின்றது. படகைத் திருப்பினாள். கிழக்கே மேகமலை. இன்னும் மிதித்துத் திருப்பினாள். தெற்கே குமுளிப் பக்கம் கேரளத்து மலை. வடக்கே கொஞ்சம் எட்டத்தில், நீலமாக, கொடைக்கானல் மலை. அன்னம் மூன்று முழுச் சுற்றுச் சுற்றியது. பவானிக்குத் தலையும் சுற்றியது.

"அண்ணாச்சி, இந்த ஊர்ல மலை விழுகாம எப்பிடி எடுக்கிறது? குழிதான் தோண்டணும்."

சொன்னவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். டிக்கெட்டைப் பிடுங்கிப் பார்த்தாள். கிறிஸ்டோபருக்குப் பின்னால் தண்ணீர் வானத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு குன்று இல்லை. ஒரு கரடு இல்லை.

"ஆத்தாடி! மலையைக் காணோம்!"

"பொறந்ததுல இருந்து சுத்தி நிக்கிறதை யாரு ஆத்தா கவனிக்கிறா? கிங்ஸ்லி எட்டு வருசம் மணலைப் பாத்துட்டு வந்தவன். அவன் கண்ணுல பட்டிருச்சு." வைகுண்டராஜ் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "அதுவும் ஆடி மாசம். நம்ம பள்ளத்தாக்குல ஆடிக் காத்துல ஆடு மாடே சாஞ்சு நடக்கும். அந்தம்மா முந்தானை ஒரு இம்மிகூடத் தூக்கல பாரு. இது பாலத்துல எடுத்ததே இல்ல. ஸ்டுடியோவுல, எழுதின திரைக்கு முன்னால எடுத்தது."

"அப்ப ஜெபஷீலாக்கா பொய் சொல்லுதா?"

"அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. தெரிஞ்ச ஆளு ஒருத்தர் இருக்காக. அவகதான் படத்தைத் திருடினதும்."

"யாரு?"

"ஸ்டூல்ல பேப்பர் விரிச்சு ஏறினவன் எதுக்கு விரிச்சான்? ஸ்டூல்ல சுண்ணாம்பு ஒட்டக் கூடாதுன்னு. ஒட்டினா யாருக்கு நட்டம்? மறுநாள் காலையில வெள்ளை வேட்டியோட அதுல உட்காரப் போற ஆளுக்கு."

பவானி வாயைப் பிளந்தாள். "சுருளியாண்டியா! இதைக் காலையிலயே கண்டுபிடிச்சிட்டீகளா?"

"உட்காந்த உடனே."

"பெறகு எதுக்கு என்னை அக்கரைக்கும் இக்கரைக்கும் மிதிக்க விட்டீக?"

"எடுத்தது யாருன்னு தெரிஞ்சுச்சு. ஏன் எடுத்தாகன்னு தெரியல. அதைச் சொல்ல எதிராளியை விட்டா யாரு இருக்கா?"

பவானி மிதிகட்டையை மிதித்தாள். மிதித்ததெல்லாம் அவருடைய காலாக இருக்கட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள்.

*

சுருளியாண்டி மறைக்கவில்லை. வைகுண்டராஜ் இருட்டில் கல்லெறிவதுபோல, "திரையில மலையை எழுத மறந்துட்டீகளா சுருளிண்ணே?" என்று கேட்டதும், டிக்கெட் பெட்டியை மூடி வைத்துவிட்டுக் கண்ணாடி அறைக்குள் போனார். ஆளைக் குண்டாகக் காட்டுகிற கண்ணாடிக்குப் பின்னால் கையை விட்டுப் படத்தை எடுத்தார்.

"எல்லாரும் இதுக்கு முன்னாலதான் பாப்பாக. பின்னால எட்டிப் பாக்கிறவன் எவன்?" என்றார். அப்புறம் ஜெபஷீலாவைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "பாப்பா, அந்தத் திரையை எழுதினது நான்தான். தேனி ஸ்டுடியோவுல அப்ப எனக்கு அதுதான் வேலை. முதலாளி ஒரு சீமை பிஸ்கட் டப்பா மூடியைக் கொடுத்து, இதைப் பாத்து எழுதுறான்னாரு. மூடியில ஏதோ வெள்ளைக்காரன் ஊர்க் கடல். கடலுக்குள்ள நீளமா ஒரு பாலம். அதுல தொப்பி போட்டவுகளும் குடை பிடிச்சவுகளும் சும்மா நடந்துக்கிட்டிருப்பாக. எங்க போறாகன்னு கேட்டேன். எங்கயும் போகல, போயிட்டுத் திரும்பி வருவாகன்னாரு. எனக்குச் சிரிப்பாணி தாங்கல."

"அப்பா…?"

"உங்கப்பாவும் அம்மாவும் கல்யாணமான புதுசுல படம் எடுக்க வந்தாக. உங்கம்மா திரையை விட்டு நகர மாட்டேங்கிறாக. 'இந்த ஊருக்கு என்னைக் கூட்டிட்டுப் போவீகளா'ன்னு கேட்டாக. உங்கப்பா சரின்னுட்டாரு. எங்கன கூட்டிட்டுப் போவாரு? பலசரக்குக் கடையை விட்டு நகர முடியாத மனுசன். அஞ்சு வருசம் கழிச்சு என்னைத் தேடி வந்து, 'சுருளி, நீ எழுதின பாலத்தை நம்ம கண்மாயிலயே கட்டுவோம்'னாரு."

"அஞ்சு வருசம் கழிச்சுன்னா…" ஜெபஷீலா விரல் விட்டாள். "எண்பத்தொன்பது."

"ஆமா பாப்பா. மூணு வருசம் தப்பிப் போச்சு. இந்தப் படத்தை நீ ஆபீசரம்மா கையில கொடுத்தா உன்னையப் பொய்க்காரிம்பாக. உங்கப்பாரை ஏமாத்துக்காரர்ம்பாக. படம் காணோம்னா தவணையாவது கேட்கலாம்னு நெனச்சேன்."

ஜெபஷீலா அழவில்லை. எடை மிஷின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். மிஷின் கடகடவென்று ஓடி ஒரு சீட்டைத் துப்பியது. யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

மணி மூன்று.

பவானி வைகுண்டராஜைத் தேடினாள். ஆளைக் காணோம். வெளியே வந்து பார்த்தால், கரைக்கு அந்தப்புறம் வண்டிகள் நிற்கிற இடத்தில் யாருடையதோ ஒரு மொபெட் மேல் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி! அங்கன ஒரு பொம்பள உசுரு போயிக்கிட்டிருக்கு. நீங்க வண்டியில உட்காந்து பாக்கிறீகளா?"

"இந்த ஸ்டாண்டு ஏன் பள்ளமா இருக்கு?"

"என்னது?"

"நல்லாப் பாரு ஆத்தா. எட்டடி அகலம். ரெண்டு பக்கமும் கரை. இங்கன ஆரம்பிச்சு நேரா வயக்காட்டுக்குள்ள ஓடுது. இது ஸ்டாண்டு இல்ல, தூந்துபோன வாய்க்காலு. வாய்க்கால்னா அதுக்கு ஒரு மடை இருக்கணும்ல? திரும்பிப் பாரு."

பவானி திரும்பினாள். வாய்க்காலுக்கு நேர் எதிரே, நூல் பிடித்ததுபோல, கண்மாய்க்குள் போனது கப்பல் பாலம்.

"டீக்கடைக்கும் கண்ணாடி ரூமுக்கும் எவனாச்சும் கருங்கல்லுல கால் நடுவானா? படகுல வரும்போது கீழ பாத்தேன். ஒவ்வொரு கல்லும் யானைக்கால் தண்டி. பலசரக்குக் கடைக்காரர் கட்டினது மேல இருக்கிற பலகை. கீழ இருக்கிற கால் அவர் கட்டினதில்ல. மடை இருந்தா நுனியிலதான் இருக்கணும்."

இரண்டு பேரும் ஓடினார்கள். கண்ணாடி அறையின் நடுவில் விரித்திருந்த தார்ப்பாயைச் சுருட்டி, கடப்பாரையால் மூன்று பலகையை நெம்பினார்கள். சுருளியாண்டி தடுக்கவில்லை, உதவிக்கும் வரவில்லை. கீழே இருட்டுக்குள் முழங்கை தண்டிக்கு ஒரு இரும்புத் திருகு, துருப்பிடித்து நின்றது. மடைக் கதவை ஏற்றி இறக்குகிற திருகு. அதைத் தாங்கிய கல்லில், வெட்டிய எழுத்தில், 1931.

"ஜெயிச்சிட்டோம்!" என்று குதித்தாள் பவானி. "அக்கா, எண்பத்தாறு என்ன, நம்ம பாலம் வெள்ளைக்காரன் காலத்துது!"

யாரும் குதிக்கவில்லை. சுருளியாண்டி தலையைத் தொங்கப் போட்டிருந்தார். அவருக்கு இது தெரியும் என்பது பவானிக்கு அப்போதுதான் உறைத்தது. தெரிந்தும் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?

வைகுண்டராஜ் ஜெபஷீலாவின் எதிரில் தரையிலேயே உட்கார்ந்தார். "நல்லாக் கேட்டுக்க தாயி. மடை ஷட்டருக்குப் போற நடைபாலம் இது. புது மடை வந்ததும் இதைக் கைவிட்டிருக்காக. உங்கப்பா அதுமேல பலகை போட்டுக்கிட்டாரு. இதைக் காட்டினா பாலத்தை ஒருத்தரும் இடிக்க முடியாது. ஆனா அதுக்கப்புறம் இது உன் பாலம் இல்ல. சர்க்கார் பாலம்."

"காட்டலேன்னா?"

"படம் காணோம்னு சொல்லித் தவணை கேக்கலாம். ரெண்டு மாசமோ மூணு மாசமோ. அதுவரைக்கும் உன் பாலம்தான். அப்புறம் இருக்காது."

ஜெபஷீலா படத்தை மடியில் வைத்துக்கொண்டு, அதிலிருந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரையில் ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

*

பொதுப்பணித்துறை ஆபீசர் சுபாஸ்ரீக்கு முப்பது வயசுதான் இருக்கும். அவளுக்குப் பின்னால் கிங்ஸ்லி, பேன்ட்டுக்கு மாறி, மாப்பிள்ளை மாதிரி வந்தான்.

"படம் கிடைச்சிருச்சா?" என்றாள் சுபாஸ்ரீ.

"கிடைச்சிருச்சு மேடம்." ஜெபஷீலா நீட்டினாள்.

கிங்ஸ்லி தொண்டையைச் செருமினான். நாலு மாதமாக ஒத்திகை பார்த்த கேள்வி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. "மேடம், இதுல ஒரே ஒரு சந்தேகம்…"

"மலையைக் காணோம், அதானே அண்ணே?" என்றாள் ஜெபஷீலா. "இருக்காது. இது ஸ்டுடியோவுல எடுத்த படம். எங்கப்பா அம்மா கல்யாணப் படம் மேடம், சாட்சி இல்ல. பாலத்துக்குப் பலகை போட்டது எண்பத்தொன்பதுல."

கிங்ஸ்லி நீட்டிய விரலை மடக்கிக்கொண்டான். கேள்வி உள்ளேயே செத்துப்போனது.

"அப்ப இடிக்கச் சம்மதமா?" சுபாஸ்ரீயின் குரலில் வருத்தம் தெரிந்தது.

"உள்ள வந்து தரையைப் பாருங்க மேடம். பாத்துட்டு நீங்களே சொல்லுங்க."

சுபாஸ்ரீ குனிந்து பார்த்தாள். போன் வெளிச்சத்தை அடித்து, கல்லில் இருந்த எழுத்தைத் தடவினாள். எழுந்தபோது அதிகாரி முகம் போய், தொலைந்த கம்மலைக் கண்டெடுத்த பெண்பிள்ளை முகம் வந்திருந்தது.

"நாலாம் மடை! எங்க கோப்புல முப்பது வருஷமா 'இருப்பிடம் தெரியவில்லை'ன்னு எழுதிட்டு வர்றோம். ஒவ்வொரு தணிக்கையிலயும் இதுக்கு விளக்கம் கொடுத்தே எனக்கு முன்னாடி இருந்தவர் ரிட்டையர் ஆனார்."

"மேல கண்ணாடி ரூம் இருந்தா எப்பிடித் தெரியும்?" என்று முணுமுணுத்தாள் பவானி. வைகுண்டராஜ் அவள் காலை மிதித்தார். அன்றைக்கு அவர் மிதித்தது அது ஒன்றுதான்.

"மேடம்" என்றாள் ஜெபஷீலா. "இடிக்க மாட்டீகள்ல?"

"அரசாங்க மடையை இடிச்சா என் வேலை போயிடும்மா. பாலம் நிக்கும்." சுபாஸ்ரீ கொஞ்சம் தயங்கினாள். "ஆனா இனிமே இது துறையோட சொத்து. குத்தகை ஏலம் விடுவாங்க. யார் வேணும்னாலும் கேக்கலாம். அதுவரைக்கும் பராமரிக்க ஆள் வேணும். இப்ப நடத்துறவங்களே நடத்தட்டும்னு நான் எழுதிடுறேன்."

சுருளியாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேட்டி நுனி கண்ணுக்குப் போனது.

கிங்ஸ்லிக்கு அப்போதுதான் உயிர் வந்தது. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். "ஏலம்னா நானும் கேப்பேன் ஜெபஷீலா. சொல்லிட்டேன். உன்னால என்கூடப் போட்டி போட முடியாது."

"முடியாதுதான் அண்ணே" என்றாள் ஜெபஷீலா. காலையிலிருந்து முதல்முறையாகச் சிரித்தாள். "நீங்க எடுத்தாலும் இடிக்க முடியாதுல்ல? எங்கம்மா கேட்டது ஒரு பாலம். அது யார் பேர்ல இருக்கணும்னு அவக கேக்கல."

கிங்ஸ்லி பாலத்தின் நுனிவரை ஒரு தரம் பார்த்துவிட்டு இறங்கிப் போனான்.

கரையில் உத்தமபாளையத்திலிருந்து ஒரு வேன் கூட்டம் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஜெபஷீலா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நெம்பிய பலகைகளைத் திரும்பப் போடக் குனிந்தாள்.

"ஒரு பக்கம் பிடிங்க மேடம்" என்றாள். "சனம் வந்துருச்சு."